சமையலறை வயரிங்: முதலில் ஒரு தாளும் பென்சிலும்

செங்கோட்டை, புளியரை, கணவாயைத் தாண்டினால் ஆரியங்காவு. இந்தப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளுக்கு வயரிங் செய்வது என் தொழில். சமையலறையை மட்டும் மாற்ற வேண்டும் என்று கூப்பிடுபவர்கள் எத்தனை பிளக் வைக்கலாம் என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: காலை ஏழு மணிக்கு உங்கள் அடுப்படியில் எதெல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்? அதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

கருவிகளின் அடியில் வாட் அச்சிட்டிருக்கும். அதை 230 ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 2000 வாட் இன்டக்ஷன் அடுப்புக்கு 8.7, 1500 வாட் கெட்டிலுக்கு 6.5, 750 வாட் மிக்சிக்கு 3.3. புட்டு வேகும்போதே தேநீருக்குத் தண்ணீர் கொதித்து, சட்னியும் அரைபட்டால் மொத்தம் 18.5 ஆம்பியர். மூன்றும் ஒரே லைனில் இருந்தால் 16 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) உடனே விழாது. இந்தச் சிறிய மிகுதியை நெடுநேரம் தாங்கிக்கொண்டு நிற்கும். அவ்வளவு நேரமும் சுவருக்குள் வயர் சூடாகிக்கொண்டிருக்கும். அடிக்கடி விழும் வீடுகளிலோ, "32 போட்டுவிடுங்களேன்" என்பார்கள். நான் போடுவதில்லை. எம்சிபி காவல் காப்பது வயரை. வயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்குவது, குரைக்கிறதே என்று நாயின் வாயைக் கட்டுவதுதான்.

சாதாரணச் சமையலறைக்கு நான் வரைந்து கொடுப்பது இது. விளக்கும் எக்ஸாஸ்ட் விசிறியும் தனி லைன்: 1.5 சதுர மி.மீ. வயர், 6 ஆம்பியர் எம்சிபி. மேடைக்கு இரண்டு பவர் லைன்கள்: 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், 16 ஆம்பியர் எம்சிபி, லைனுக்கு அதிகபட்சம் இரண்டு 16 ஆம்பியர் பிளக்குகள். இன்டக்ஷன் அடுப்பு ஒரு லைனில், கெட்டிலும் மிக்சியும் கிரைண்டரும் மற்றதில். ஃபிரிட்ஜுக்குத் தனி லைன். பெரிய ஓவனோ வாட்டர் ஹீட்டரோ இருந்தால் 4 சதுர மி.மீ., 20 ஆம்பியர். (இழை எண்ணிக்கை, கேஜ் என்ற பழைய கணக்கில் பேசும் மேஸ்திரியிடம் 2.5க்கு 7/22, 4க்கு 7/20 என்று சொன்னால் ஏறக்குறையப் புரிந்துகொள்வார்.) ஒவ்வொரு லைனுக்கும் அதன் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) தனியே எம்சிபி பெட்டிவரை வர வேண்டும்.

இனி ஈரம். ஜூனில் சாரல் தொடங்கினால் எங்கள் பக்கம் மேற்குச் சுவர் ஆகஸ்ட் வரை காய்வதில்லை. அந்தச் சுவரில் பிளக் வைக்காதீர்கள். அந்தப் பக்கம் பிளக் வேண்டுமென்றால் உட்சுவர் ஒன்றைத் தேடுங்கள். மனித உயிரைக் காப்பது, மின்கசிவைக் கண்டதும் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. எம்சிபி அந்த வேலையைச் செய்யாது. சமையலறைக்கென்று தனி ஆர்சிசிபி போடுங்கள். கிரைண்டரில் ஈரம் இறங்கி அந்த ஆர்சிசிபி விழுந்தாலும் மற்ற அறைகளில் விளக்கு எரியும். ஃபிரிட்ஜ் லைனை வீட்டின் இன்னொரு ஆர்சிசிபியோடு சேர்த்தால் மீனும் கெடாது. ஒரு ஆர்சிசிபியின் நியூட்ரல் மற்றதன் நியூட்ரலோடு கலந்தால் இரண்டுமே காரணமின்றி விழும். உடனே, "ஆர்சிசிபி சரியில்லை, கழற்றிவிடலாம்" என்று ஒருவர் வருவார். அவரை நம்ப வேண்டாம், நியூட்ரலைத் தேடச் சொல்லுங்கள்.

செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. பழைய வீடுகளும் அந்தச் சாயலில், மரச் சட்டத்தின் மேல் ஓடு. பரணில் மரத்தோடு ஒட்டி வயர் ஓடும் இடங்களில் பழையதை அப்படியே விட்டுப் புதியதை ஒட்டுப் போடக் கூடாது. முழுவதையும் குழாய்க்குள் புதிதாக இழுங்கள். பல வீடுகளில் எர்த் வயரே இருக்காது. பிளக்கின் எர்த் முனையை நியூட்ரலோடு முடிச்சுப் போடுவது ஆளைக் கொல்லும் வேலை. எர்த் குழியிலிருந்து பச்சை வயர் ஒவ்வொரு பிளக்குக்கும் வர வேண்டும்.

பிளக்கின் இடம் பற்றிச் சுருக்கமாக: அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், தொட்டியிலிருந்து இரண்டடியாவது தள்ளி, மேடைக்கு மேல் ஓரடி உயரத்தில். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் இருக்கும் பொந்தில் சுவிட்சோ பிளக்கோ கூடாது.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: மெயினை அணைத்தாலும் அந்த லைனில் மின்சாரம் இருக்கும். பெட்டியில் அதற்குத் தனி இடம் ஒதுக்கி, தமிழிலேயே பெயர் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

தாள் உங்களுடையது, வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருடையது. பூச்சு பூசுவதற்கு முன் நான்கு சுவர்களையும் அளவு நாடாவோடு படம் எடுத்து வைத்தால், பிறகு அலமாரிக்குத் துளை போடுபவர் வயரைத் துளைக்க மாட்டார். பணத்தைக் கொடுப்பதற்கு முன் மெக்கர் என்ற கருவியில் வயரின் காப்பு எதிர்ப்பைப் பார்க்கச் சொல்லி, எண்ணை அதே தாளில் குறித்து வாங்குங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே என்றால் வேலை முடியவில்லை. ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அப்போதே ஒருமுறை அழுத்திப் பாருங்கள், பிறகு மாதந்தோறும்.