பாட்டி என்று கூப்பிடாதீர்கள்: ஜேர்மன் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேரும் தமிழருக்கு

ஜேர்மனிக்கு வந்து டொச் (ஜேர்மன் மொழி) வகுப்பை முடித்ததும் நம்மவர்களில் பலர் வேலை கேட்டுப் போய் நிற்கும் வாசல் முதியோர் பராமரிப்பு இல்லம். அங்கே ஆள் பற்றாக்குறை தீராதது. கதவு சீக்கிரம் திறக்கும். "அம்மம்மாவைக் கடைசி நாள்வரை நான்தானே பார்த்தேன், இதென்ன எனக்குப் புதிதா?" என்று நினைத்துக்கொண்டுதான் நானும் போனேன். இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. அம்மம்மாவைத் தூக்கிப் பழகிய கை எனக்கு உதவியது. அவரிடம் நடந்துகொண்ட பழக்கமோ முதல் மாதத்தில் பலமுறை என்னைத் தடுக்கி விழுத்தியது.

கடதாசி வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் தாதியாக இருந்தவர்கள் தங்கள் சான்றிதழுக்கு இங்கே அங்கீகாரம் பெற வேண்டும். படிப்பில் குறை கண்டால் கூடுதல் பயிற்சியோ தேர்வோ வைப்பார்கள். டொச் மொழியில் பொதுவாக பி2 நிலை (ஆறு படிகளில் நான்காவது) கேட்பார்கள். அதுவரை உதவியாளராக வேலை செய்யலாம். புதிதாகப் படிக்க விரும்புபவர்களுக்கு மூன்றாண்டுப் பயிற்சி இருக்கிறது. முதியோர், நோயாளர், குழந்தைகள் என்று மூன்றாகப் பிரிந்து கிடந்த படிப்பை 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்றாக்கியது. வகுப்பில் 2,100 மணி நேரம், வேலைத்தலத்தில் 2,500 மணி நேரம்; படிக்கும்போதே சம்பளமும் உண்டு. இந்தத் துறைக்கென்று தனியாகக் குறைந்தபட்சக் கூலி இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 ஜூலையில் இருந்த அளவு: பயிற்சி இல்லாத உதவியாளருக்கு மணிக்கு 16.10 யூரோ, ஓராண்டுப் பயிற்சி பெற்றவருக்கு 17.35, முழுத் தகுதி உடையவருக்கு 20.50. நீங்கள் சேரும்போது நடைமுறையில் உள்ள தொகைக்குக் கீழே ஒப்பந்தம் நீட்டுபவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

நான் வாங்கிய முதல் குட்டு, கூப்பிடும் முறைக்காக. எண்பது வயது தாண்டியவரைப் பெயர் சொல்லி அழைக்க நம் நாக்குக் கூசும். அதனால் வாஞ்சையாக "ஓமா, வாருங்கள்" என்றேன். ஓமா என்றால் பாட்டி. ஓய்வுபெற்ற கணித ஆசிரியையான அந்த அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு மூன்று பேரப்பிள்ளைகள். நீங்கள் அவர்களில் ஒருத்தி இல்லை" என்றார். முகம் சுருங்கிப் போய்விட்டது எனக்கு. "ஃப்ராவ்" (திருமதி) அல்லது "ஹேர்" (திரு) என்பதோடு குடும்பப் பெயரைச் சேர்த்து, நம் "நீங்கள்" மாதிரியான "ஸீ" போட்டுப் பேசுவதுதான் இங்கே மரியாதை. "டூ" என்பது நம் "நீ" மாதிரி. அவர்களாகச் சொன்னால் தவிர நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மறதி நோய் முற்றிய சிலர் சின்ன வயதுச் செல்லப் பெயருக்கு மட்டும்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போதும் குடும்பத்தாரோடு பேசி, பராமரிப்புத் திட்டத்தில் எழுதிய பிறகே அந்தப் பெயரைப் பயன்படுத்த வேண்டும். முறை சொல்லி அழைத்தால் உறவு ஒட்டும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் வேலை, வீடு, கணவர் எல்லாவற்றையும் இழந்து வந்தவருக்கு மிச்சமிருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான்.

அறைக் கதவும் அப்படியே. எங்கள் வீட்டில் அம்மம்மாவின் அறைக்குக் கதவே இருக்கவில்லை, பழைய சேலைதான் தொங்கியது. இங்கே அந்தச் சின்ன அறை அவருடைய வீடு. நாம் அங்கே விருந்தாளிகள். தட்டுங்கள், பதில் வரும்வரை நில்லுங்கள். தட்டிக்கொண்டே திறப்பது தட்டியதாகாது. உடம்பு கழுவத் தொடங்கும் முன் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், ஈரத் துணியை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். முகத்தை அவரே துடைக்கப் பத்து நிமிடம் ஆகலாம். நாம் துடைத்தால் ஒரு நிமிடம். பாசத்தில் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை என்பேன். ஊட்டி ஊட்டியே, கரண்டி பிடிக்கத் தெரிந்தவரை அதை மறக்க வைத்துவிடுவோம்.

பாசம் எப்படிக் குற்றமாக முடியும் என்பதை ஓர் இரவுப் பணியில் கற்றேன். ஒரு முதியவர் விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் கட்டிலின் பக்கத் தடுப்புகளை இரண்டு புறமும் உயர்த்திவிட்டுப் போனேன். காலையில் பொறுப்பாளர் அழைத்து, "நேற்று இரவு நீங்கள் ஒரு மனிதரை அடைத்து வைத்தீர்கள்" என்றார். மிகைப்படுத்தவில்லை; இந்நாட்டுச் சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. கட்டில் தடுப்பு, இடுப்புப் பட்டி, எழ முடியாதபடி முன்னால் பலகை பூட்டிய நாற்காலி எல்லாம் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிப்பவை. அவரே சம்மதிக்க வேண்டும். சம்மதம் சொல்லும் நிலையில் அவர் இல்லையென்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். கட்டிலைத் தரையோடு தாழ்த்திப் பக்கத்தில் மெத்தை போடும் வழி இருந்தது. அது என் மூளைக்கு எட்டவில்லை.

எழுதி வைக்காதது நடக்காதது என்பது இங்கே எழுதப்படாத விதி. "பிடிவாதம் பிடித்தார்" என்று எழுதாதீர்கள், அது உங்கள் கோபம். "8 மணிக்குக் குளிக்க மறுத்தார், 10 மணிக்கு மீண்டும் கேட்டபோது சம்மதித்தார்" என்று எழுதுங்கள். மருந்து கொடுப்பது தகுதி பெற்றவரின் வேலை. அவசரத்தில் யாராவது "இதை மட்டும் கொடுத்துவிடு" என்று மாத்திரைக் கிண்ணத்தை நீட்டினால், உதவியாளராக இருக்கும்வரை மறுத்துவிடுங்கள். உள்ளே பார்த்ததை வெளியே சொல்வது தண்டனைக்குரிய குற்றம். கோவில் வாசலில் நின்று "எங்கள் இல்லத்தில் ஒரு டொக்டரின் அம்மா இருக்கிறா" என்று தொடங்கும் கதையும் அதில் அடங்கும். இந்தக் கட்டுரையிலும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

வளையல், மோதிரம், கைக்கடிகாரம் மூன்றையும் கழற்ற வேண்டும், திருமண மோதிரமானாலும். கழுத்துத் தாலியை உடுப்புக்குள் விடலாம். நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) யாராவது 50 யூரோத் தாளை உள்ளங்கையில் திணித்தால் வாங்காதீர்கள். பெரியவர் கொடுப்பதை மறுப்பது நமக்கு உறுத்தும்தான். ஆனாலும் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்து, பொறுப்பாளரிடம் உடனே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, கூட வேலை செய்பவரும் தமிழர் என்றால் முதியவரின் தலைக்கு மேலே தமிழில் பேசிக்கொள்ளாதீர்கள். படுக்கையில் உடுப்பில்லாமல் கிடப்பவருக்கு, புரியாத மொழியில் எழும் சிரிப்பு எல்லாம் தன்னைப் பற்றியதாகவே கேட்கும்.

இனி, எல்லோரும் கேட்கத் தயங்கும் விஷயம். "உன் கறுப்புக் கையால் என்னைத் தொடாதே" என்று ஒரு நாள் யாராவது சொல்வார்கள். சொன்னவர் யார் என்று பாருங்கள். மறதி நோயால் பயந்து போயிருப்பவரிடம் வாதாடிப் பயனில்லை. அவர் பாதுகாப்பாக இருந்தால் விலகி நில்லுங்கள், சற்றுப் பொறுத்து வாருங்கள், அல்லது வேறொருவரை அனுப்புங்கள். தெளிந்த புத்தியோடு சொல்பவரின் கதை வேறு. "இப்படிப் பேசினால் என்னால் வேலை செய்ய முடியாது, பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்று அமைதியாகச் சொல்லி வெளியே வந்து, அதைப் பொறுப்பாளரிடம் தெரிவித்து எழுதி வையுங்கள். பெண்ணொருத்தி ஆண் பணியாளர் தன்னைக் கழுவ வேண்டாம் என்றால் அது வெட்கம், மதிக்க வேண்டியது. நிறத்துக்காக மறுப்பதை அதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். 2006இல் வந்த சம நடத்தைச் சட்டப்படி, வெளியாரிடமிருந்தும் உங்களைக் காக்கும் கடமை முதலாளிக்கு இருக்கிறது. முதலாளியே பாகுபாடு காட்டினால் இழப்பீடு கேட்கப் பொதுவாக இரண்டு மாதக் கெடுதான். "சகித்துக்கொண்டு போவோம்" என்று நாம் பழகிய சகிப்பு வேறு. அதைச் சகிப்புத்தன்மை என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

நம் பக்கமும் கறை உண்டு. கானா நாட்டுச் சகோதரியைப் பற்றியும் துருக்கியரைப் பற்றியும் ஓய்வறையில் நம்மவர்கள் பேசும் பேச்சை டொச்சில் மொழிபெயர்த்தால் நமக்கே வேலை போகும். நான் சைவம். ஆனால் பன்றி இறைச்சி சொசேஜை வெட்டி ஊட்டும்போது என் முகம் கோணக் கூடாது. அது அவருடைய தட்டு. ஓர் அறையில் முதியவர் ஒருவர் தன் காதலரின் படத்தை அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தார். ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டித்த 175ஆம் பிரிவு இந்நாட்டில் முற்றாக நீங்கியது 1994இல்தான். ஒளித்துப் பழகிய கை அது. படத்தை மேசையில் வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அலுமாரிக்குள்ளேயே தூசி தட்டி வைத்தேன்.

கடைசியாக ஒருவரைப் பற்றி. தலையணைக்கடியில் பாண் (ரொட்டி) துண்டுகளை ஒளித்து வைக்கும் ஓர் அம்மையார். சுத்தம் கருதி நாங்கள் தினமும் அகற்றினோம், அவர் தினமும் கத்தினார். மகள் வந்து சொன்னபோதுதான் விளங்கியது: 1945 ஜனவரியில், ஆறு வயதில், அன்று ஜேர்மனியின் கிழக்கு ஓரமாக இருந்த கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து தாயின் கையைப் பிடித்துப் பனியில் நடந்து வந்தவர். போர் முடிந்த காலத்தில் அப்படிக் கிழக்கிலிருந்து தப்பியோடியும் துரத்தப்பட்டும் வந்த ஜேர்மானியர் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பேர். 1995 அக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய சனத்தோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது என் சட்டைக்குள்ளும் ஒரு பிஸ்கட் பைக்கற் இருந்தது. பணியாளர் கூட்டத்தில் பேசி, அந்த அம்மையாரின் பராமரிப்புத் திட்டத்தில் எழுதினோம்: கட்டிலருகே மூடியுள்ள ஒரு தகரப் பெட்டி, அதில் எப்போதும் பாண், காலையில் அவர் பார்க்க மாற்ற வேண்டும். கத்தல் நின்றது. சில காலைகளில் இன்னமும் "உன் ஊருக்குப் போ" என்கிறார். கதவைத் தட்டி, பெயர் சொல்லி வணக்கம் வைத்து, பெட்டியைத் திறந்து பழைய துண்டை எடுக்கிறேன். புதியது உள்ளே போவதை அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.