பாலிகாம் கான்ஃபரன்ஸ் போன் ப்ரொவிஷனிங்ல இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

ப்ரொவிஷனிங்னா போனுக்கு வேண்டிய செட்டிங்கெல்லாம் ஒரு சர்வர்ல வச்சு, போனே அதை எடுத்துக்கற மாதிரி பண்றது. மீட்டிங் ரூம்ல டேபிள் நடுவுல வைக்கிற சவுண்ட்ஸ்டேஷன் ஐபி 6000, ட்ரையோ 8800 மாதிரி போனெல்லாம் பூட் ஆகும்போது தன்னோட மேக் அட்ரஸ் (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கற 12 எழுத்து ஹார்ட்வேர் அடையாளம்) பேர்ல ஒரு சிஎஃப்ஜி ஃபைல், அதாவது செட்டிங் ஃபைல், சர்வர்ல இருக்கான்னு தேடும், இல்லன்னா 12 சைபர் பேர்ல இருக்கிற பொதுவான ஃபைலை எடுத்துக்கும். நிறைய பேர் இந்த ஃபைல் பேர்லயே சறுக்கிடறாங்க. மேக்ல கோலன் வரக்கூடாது, எழுத்தெல்லாம் ஸ்மால் லெட்டர்தான், லினக்ஸ் சர்வர்னா ஒரு எழுத்து கேப்பிடலா இருந்தாலும் ஃபைலே இல்லன்னு சொல்லிடும்.

அப்புறம் அந்த 12 சைபர் ஃபைல்ல எக்ஸ்டென்ஷனும் பாஸ்வேர்டும் போடவே போடாதீங்க, எல்லா ரூம் போனும் ஒரே நம்பர்ல ரெஜிஸ்டர் ஆகி நிக்கும். அதுல எந்தெந்த ஃபைலை எடுக்கணும்ங்கற லிஸ்ட் மட்டும் இருக்கட்டும். அந்த லிஸ்ட்லயும் ஒரே செட்டிங் ரெண்டு ஃபைல்ல இருந்தா முதல்ல எழுதினதுதான் ஜெயிக்கும், கடைசில போட்டா மேல வந்துடும்னு நினைக்காதீங்க.

ரொம்ப படுத்தற விஷயம் ஓவர்ரைடுதான். யாராவது போன் மெனுலயோ வெப் பேஜ்லயோ ஒரு செட்டிங்க மாத்தி வச்சிருந்தா, நீங்க சர்வர்ல என்ன எழுதினாலும் போன் கண்டுக்காது, ஏன்னா அந்த மாற்றத்துக்குத்தான் முன்னுரிமை, அதை போனே சர்வர்லயும் தனி ஃபைலா ஏத்தி வச்சிருக்கும். சர்வர்ல இருக்கற அந்த ஃபைலையும் அழிங்க, போன்லயும் லோக்கல் கான்ஃபிக், வெப் கான்ஃபிக் ரெண்டையும் ரீசெட் பண்ணுங்க. போன் இப்படி ஃபைல் ஏத்தறதுக்கு சர்வர்ல எழுத பர்மிஷன் வேணும், அது இல்லன்னா பூட் லாக் கூட வராது, எங்க மாட்டுதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

டிவைஸ்னு ஆரம்பிக்கிற செட்டிங்குக்கு வேல்யூ மட்டும் எழுதினா பத்தாது, டிவைஸ் டாட் செட் 1, அந்த செட்டிங்கோட சொந்த செட்டும் 1, ரெண்டும் இருக்கணும். பாஸ்வேர்ட்ல ஆம்பர்சாண்ட் சிம்பல அப்படியே விட்டா ஃபைல் எழுதியிருக்கற எக்ஸ்எம்எல் ஃபார்மட் உடைஞ்சு முழு ஃபைலும் போயிடும். டிஹெச்சிபில (போனுக்கு ஐபி அட்ரஸ் குடுக்கற சர்வீஸ்) ப்ரொவிஷனிங் சர்வர் அட்ரஸ சொல்ற ஆப்ஷன் 66 கரெக்டா குடுத்தும் வேற எங்கயோ போகுதுன்னா ஆப்ஷன் 160ல பழசு ஏதாவது கிடக்குதான்னு பாருங்க, டிஃபால்ட்டா போன் அதைத்தான் முதல்ல பாக்கும். ஹெச்டிடிபிஎஸ் ஃபெயில் ஆனா சர்டிஃபிகேட்ட குறை சொல்றதுக்கு முன்னாடி போன்ல டைம் சரியா இருக்கான்னு பாருங்க, நேரத்த சரி பண்ற என்டிபி சர்வர் கிடைக்காம பழைய தேதியில நின்னா நல்ல சர்டிஃபிகேட்டும் செல்லாது.

இதெல்லாம் விட எனக்கு பயமா இருக்கறது, கான்ஃபிக் ஃபோல்டர பாஸ்வேர்ட் இல்லாம இன்டர்நெட்ல திறந்து வைக்கிறது. மேக்ல முதல் 6 எழுத்து கம்பெனிக்குன்னு ஒதுக்கினது, எல்லாருக்கும் தெரியும், மிச்சத்த ஒவ்வொண்ணா போட்டுப் பாத்து உங்க சிப் (SIP, இன்டர்நெட் வழியா கால் போடற முறை) பாஸ்வேர்ட எடுத்து வெளிநாட்டு கால் போட்டுடுவாங்க, பில் உங்களுக்கு வரும். அதனால ஹெச்டிடிபிஎஸ், தனி யூசர்நேம் பாஸ்வேர்ட் கண்டிப்பா வேணும், போனோட டிஃபால்ட் அட்மின் பாஸ்வேர்ட் 456ஐயும் முதல் நாளே மாத்திடுங்க.