ட்ரெய்லர் லைட் எரியவில்லையா? பல்பைக் கழற்றுவதற்கு முன்

கடையில் வேலை பழகும் பையன் போன வாரம் ஒரு டபுள் கெப் பிக்கப்புக்குப் பின்னால் குந்திக்கொண்டு ட்ரெய்லர் பிளக்கை நோண்டிக்கொண்டிருந்தான். "அண்ணே, மீட்டர்ல 12 வோல்ட் காட்டுது, லைட் எரிய மாட்டேங்குது. பல்புதான் சரியில்ல" என்றான். ஹட்டனில் வேலை பழகிய காலத்தில் இதே வார்த்தையை என் பாஸிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். பியூஸ் போனதா, பல்ப் கறுத்ததா என்று பார்க்க எவருக்கும் தெரியும்; அதை விடுவோம். தெரிந்தவர்களே செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்.

எர்த்தை டோ பார் உருண்டையிடம் ஒப்படைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும் விஷயம் இதுதான். எர்த் என்றால் லைட்டுக்குப் போன கரண்ட் பற்றரி நெகட்டிவ்வுக்குத் திரும்பி வரும் வழி. டோ பார் உருண்டை என்றால் ட்ரெய்லரை வண்டியோடு கொளுவும் இரும்புக் குண்டு.

கந்தப்பளைப் பக்கம் மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர் கெப்பில் ட்ரெய்லர் கட்டி கோவாவும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு றம்பொடை மலைப்பாதை வழியாகக் கீழே போவார். இடது சிக்னல் போட்டால் ட்ரெய்லரின் பார்க் லைட்டும் சேர்ந்து மினுக்கியது. கெப்புக்குள் டாஷ்போர்ட் மீட்டர் விளக்கும் லேசாக மின்னியது. உள்ளே மின்னுகிறதே என்று, சிக்னலை மினுக்க வைக்கும் பிளாஷரை மாற்றினேன். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சிக்னல் சுவிட்சையே மாற்றினேன். கடையில் எல்லாம் ஜோராக எரிந்தது, காசும் வாங்கினேன். அன்று மாலை றம்பொடை வளைவிலிருந்து அழைப்பு: "தம்பி, மறுபடியும் போயிருச்சு. மூடுபனி வேற, பின்னால பஸ் முட்டப் பார்த்தான்."

நடந்தது இதுதான். அந்த ட்ரெய்லரில் எர்த் வயர் எப்போதோ அறுந்துபோயிருந்தது. லைட்டுக்குப் போன கரண்ட் திரும்பி வர டோ பார் உருண்டையைத்தான் நம்பியிருந்தது. அந்த உருண்டையில் கிரீஸ், துரு, பெயின்ட். சம தரையில் சுமை அழுத்தும்போது இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளும். இறக்கத்தில் ட்ரெய்லர் முன்னால் தள்ளும்போது இடம் மாறி விட்டுப்போகும். என் கடை வாசல் சமதளம். றம்பொடை அப்படியில்லையே.

திரும்ப வழியில்லாத கரண்ட் சும்மா நிற்காது. சிக்னல் பல்ப் வழியாகப் போய், அதே பெட்டியில் உள்ள பார்க் பல்பின் இழை வழியாகப் பின்னோக்கி கெப்பின் பார்க் லைட் வயரில் ஏறி, அங்கிருக்கும் மற்ற பல்புகள் வழியாக எர்த்தைத் தேடும். மீட்டர் விளக்கும் அதே லைனில்தான் இருக்கிறது. அதனால் ஒன்றைப் போட்டால் வேறொன்று எரிகிறது, பிரேக் மிதித்தால் மற்றது மங்குகிறது என்றால் சுவிட்சைத் தொடாதீர்கள். முதல் சந்தேகம் எர்த்.

சுவிட்ச் விலை என் கையை விட்டுப் போனது. கழற்றிய பழைய சுவிட்ச் இன்னும் மேசை லாச்சியில் கிடக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை.

லோட் (எரியும் பல்ப்) இல்லாமல் மீட்டர் பிடிப்பது

பையனின் 12 வோல்ட் இப்படி வந்ததுதான். பிளக்கைக் கழற்றி வைத்துப் பார்த்தால், பத்து இழை அறுந்து ஒரே இழையில் தொங்கும் வயரும் 12 வோல்ட் காட்டும். ஓம் பார்த்தாலும் சின்ன எண்தான். ஆனால் 21 வாட் பிரேக் பல்ப் 2, சிக்னல் ஒன்று, 5 வாட் பார்க் பல்ப் 2 என்று சேர்ந்து எரிந்தால் 6 அம்பியர் ஓட வேண்டும். எர்த்தில் வெறும் அரை ஓம் தடை இருந்தாலும் 3 வோல்ட் அளவு அங்கேயே போய்விடும். வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கும்.

சரி, எப்படிப் பார்ப்பது? ட்ரெய்லரைப் பிளக்கில் மாட்டி லைட் எல்லாவற்றையும் போடுங்கள். மீட்டரை வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பற்றரி நெகட்டிவ்விலும் சிவப்பு முனையை லைட்டின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் லைட்டிலிருந்து ட்ரெய்லர் சேசி (அடிச் சட்டம்), பிளக், சொக்கட், கெப் சேசி என்று ஒவ்வொரு இடமாக முன்னால் வாருங்கள். எங்கே எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் கோளாறு.

மீட்டர் இல்லையா? பற்றரி நெகட்டிவ்விலிருந்து நீளமான வயர் ஒன்றை இழுத்து லைட்டின் எர்த்தில் தொட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் விடை கிடைத்துவிட்டது. அப்புறம் பிளக்கிலிருந்து ஒரு பொது எர்த் கம்பி இழுத்து, அதிலிருந்து ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த் வயர் போடுங்கள். பொதுக் கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். சேசியில் பிடிக்கும் இடத்தை வெள்ளி தெரியச் சுரண்டி, வளைய முனை போட்டு முறுக்கிய பிறகே மேலே கிரீஸ்.

வயர் நிறத்தை நம்புவது

7 பின் ஐரோப்பிய முறையில் வெள்ளை எர்த், மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், சிவப்பு பிரேக். அமெரிக்க 4 வயர் முறையில் மஞ்சளும் பச்சையும் சிக்னலுக்கும் பிரேக்குக்கும் பொது. நம் ஜப்பானியக் கெப்புகளில் இரண்டும் தனித்தனி. அமெரிக்க முறை ட்ரெய்லர் வந்தால், பிரேக்கையும் சிக்னலையும் ஒரே வயரில் சேர்த்துக் கொடுக்க அதற்கென்று விற்கும் கன்வேர்ட்டர் வேண்டும். பிரேக் வயரையும் சிக்னல் வயரையும் சேர்த்து முறுக்கினால், பிரேக் மிதிக்கும்போதெல்லாம் கெப்பின் சிக்னல் விளக்குகள் எரியும். எவனாவது முன்பு மாற்றிக் கட்டிய ட்ரெய்லரில் இந்த நிறக் கணக்கும் உதவாது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

முறுக்கி டேப் சுற்றுவது

மலைநாட்டு மழைக்கு டேப் ஒரு பொருட்டே இல்லை. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை முடிவதற்குள் செம்பில் பச்சைக் களிம்பு ஏறி, தொட்டால் மாவாக உதிரும். கிரிம்ப் அடித்து (உலோகக் குழலை வயர் மேல் நசுக்கிப் பிடித்து), சூடுபட்டால் சுருங்கும் குழாய் போடுங்கள்.

பெரிய பியூஸ் போடுவது

பியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

லொறியில் இருந்து பல்ப் கடன் வாங்குவது

லொறியின் 24 வோல்ட் பல்ப் 12 வோல்ட் கெப்பில் மங்கலாகத்தான் எரியும். நீங்கள் எர்த்தைத் தேடி ஒரு நாளைத் தொலைப்பீர்கள்.

பெயின்ட் அடிப்பது

அந்த டபுள் கெப் ட்ரெய்லரின் கோளாறைப் பையன் கடைசியில் ஒரு மூலையில் கண்டுபிடித்தான். எர்த் வளையத்தைக் கழற்றி, அடியில் தடிப்பாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகு திரும்ப முறுக்கியிருந்தார்கள். யார் செய்தது என்று சொந்தக்காரரிடம் கேட்டேன். தீபாவளிக்கு அவரே வண்டியை அழகுபடுத்தினாராம்.