நடைக்கு அளவான வானொலி: பாட்காஸ்ட் கேட்கத் தொடங்குவது எப்படி?

கிருஷ்ணகிரியில் அவதானப்பட்டி ஏரிப் பூங்காவிலும் கே.ஆர்.பி. டேம் பக்கமும் காலையில் நடக்கிற பலரின் காதில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் பாட்டு, இல்லையென்றால் யூடியூப். யூடியூப்பில் ஒரு தொல்லை: "இதைப் பாருங்க" என்று திரையில் எதையாவது காட்டுவார்கள், நாம் பாக்கெட்டிலிருந்து போனை எடுக்க வேண்டும். வானொலிக்காரர்களுக்கு அந்த வசதியே கிடையாது. எல்லாவற்றையும் சொல்லியே புரியவைத்துப் பழகியவர்கள். நடைக்குப் பொது வானொலிகளின் பாட்காஸ்டுகளை, அதாவது போனில் இறக்கி வேண்டும்போது கேட்கிற ஒலி நிகழ்ச்சிகளை, நான் சிபாரிசு செய்வது அதனால்தான்.

1. செயலி

ஆண்ட்ராய்டு போனில் ஆன்டெனாபாட். இலவசம், கணக்குத் தொடங்கச் சொல்லாது. ஐபோனில் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் ஏற்கெனவே இருக்கும். கூகுள் பாட்காஸ்ட்ஸைத் தேட வேண்டாம், அதை 2024-ல் மூடிவிட்டார்கள். பிபிசி சவுண்ட்ஸ் செயலியும் 2025 ஜூலையிலிருந்து பிரிட்டனுக்கு வெளியே இல்லை. ஆனால் பிபிசியின் பாட்காஸ்டுகள் மற்ற செயலிகளில் வழக்கம்போல் கிடைக்கின்றன.

2. தேடிச் சேர்ப்பது

தேடும் கட்டத்தில் நிகழ்ச்சியின் பெயரை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். வந்ததைத் தொட்டு 'சப்ஸ்கிரைப்' கொடுத்தால் போதும், புதிய பகுதிகள் தானாக வரிசையில் வந்து நிற்கும். காசு எதுவும் பிடிக்க மாட்டார்கள். முதல் வாரம் இரண்டு நிகழ்ச்சி போதும். இருபதைச் சேர்த்தால் எதைக் கேட்பது என்று யோசிப்பதிலேயே பூங்காவை ஒரு சுற்று சுற்றியிருப்பீர்கள்.

3. நடைக்கு ஏற்ற நீளம்

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் நாளே ஒரு மணி நேர நிகழ்ச்சியைப் போட்டு, பாதியில் வீடு வந்துசேர்ந்தால் மீதியைக் கேட்கவே மாட்டோம். சுமாரான வேகத்தில் பத்து நிமிடத்துக்கு முக்கால் கிலோமீட்டர் நடக்கிறோம். அந்தக் கணக்கில் தேர்ந்தெடுங்கள்.

தமிழில் தொடங்க எஸ்பிஎஸ் தமிழ் (SBS Tamil). ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனம் அங்குள்ள தமிழர்களுக்காக நடத்துவது. செய்திகளும் நேர்காணல்களும் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிடைக்கும். தெருவை ஒரு சுற்று சுற்றி வருவதற்குச் சரியாக இருக்கும்.

ஆங்கிலம் ஓரளவு புரியும் என்றால் பிபிசியின் விட்னஸ் ஹிஸ்டரி (Witness History). சுமார் பத்து நிமிடம்தான். ஒரு வரலாற்று நிகழ்வை அந்த இடத்தில் இருந்தவரே சொல்வார். ஒன்று போக, ஒன்று வர.

அரை மணி நேர நடைக்கு அமெரிக்காவின் பொது வானொலியான என்பிஆர் தரும் பிளானட் மணி (Planet Money). 2008 பொருளாதார நெருக்கடி சமயத்தில் தொடங்கியது. 2013-ல் இவர்களே ஒரு டி-ஷர்ட் தயாரித்து, மிசிசிப்பியின் பருத்தி வயலிலிருந்து வங்கதேசம், கொலம்பியா தையல் ஆலைகள் வரை அதன் பின்னாலேயே போனார்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போய்வந்த யாராவது வீட்டில் இருந்தால் அந்தத் தொடரைக் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்.

டேம் வரை போய் நிதானமாகத் திரும்புகிற ஞாயிற்றுக்கிழமைக்கு பிபிசியின் இன் அவர் டைம் (In Our Time). மெல்வின் பிராக் 1998-ல் தொடங்கி 2025 வரை நடத்தினார். ஒரே தலைப்பு, மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். அசோகர் பற்றிய பகுதியிலிருந்து ஆரம்பித்தால் தெரிந்த பெயர்கள் காதில் விழும், ஆங்கிலம் மிரட்டாது.

வேகமாகப் பேசுகிறார்கள் என்று தோன்றினால் வேகத்தை 0.8 என்று வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விளம்பரமே வராது என்று சொல்ல மாட்டேன். பிபிசி பாட்காஸ்டுகளில் பிரிட்டனுக்கு வெளியே விளம்பரம் சேர்க்கிறார்கள். முன்னே தள்ளும் பட்டன் அதற்குத்தான்.

4. வீட்டிலேயே இறக்கிக்கொள்வது

முந்தின இரவே வைஃபையில் டவுன்லோட் செய்துவிடுங்கள். வழக்கமான ஒலித் தரத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி ஆகும். அரை மணி நேரத்துக்கு முப்பது எம்பி. மலையடிவாரத்தில் சிக்னல் போனாலும் கதை நிற்காது. கேட்டு முடித்ததும் தானாக அழியும்படி செட்டிங்கில் வைத்தால் போனும் நிரம்பாது.

5. ரோட்டில்

ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். மாம்பழ சீசனில் டெம்போக்கள் எந்தச் சந்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலையை ஒட்டியோ, அதைக் கடந்தோ போக வேண்டியிருந்தால் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டுக் கழற்றிப் பையில் போடுங்கள். நாய் குரைப்பதும் காதில் விழ வேண்டுமே!

டவுன்லோட் செய்ய மறந்த நாளுக்கு நியூஸ் ஆன் ஏர் செயலியில் ஆகாசவாணி நிலையங்களை நேரலையில் கேட்கலாம். டேட்டாவும் தீர்ந்துவிட்டதா? போனில் எஃப்எம் இருந்தால் நம் பக்கத்துத் தர்மபுரி வானொலி 102.5-ல் வரும். அதற்கு ப்ளூடூத் உதவாது. ஒயர் ஹெட்செட்டைச் செருக வேண்டும்; அந்த ஒயர்தான் ஆன்டெனா.