பழைய உடை வாங்கும்போது அக்குளைப் பாருங்கள்

ஒருவர் உடுத்திய துணியை வாங்குவதா என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில், போக வேண்டிய சாயம் போய், சுருங்க வேண்டிய அளவு சுருங்கி, தன் தரத்தைக் காட்டிவிட்ட துணி அது. புதுச் சட்டை முதல் சலவையில் என்ன ஆகும் என்பது கடைக்காரருக்கே தெரியாது. விலையும் குறைவு. ஒரு பருத்தி டி-ஷர்ட் உருவாகச் செடியிலிருந்து கணக்கிட்டால் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் தேவை என்கிறார்கள். பழையதை வாங்கினால் அந்தச் செலவு மறுபடி இல்லை.

வாங்குமுன் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நைந்த இடம் சல்லடைபோல் தெரிந்துவிடும். அக்குள், காலர் மடிப்பு, பேன்ட்டின் உள்தொடை ஆகியவைதான் முதலில் தேயும். உள்பக்கம் திருப்பி, தையலுக்குள் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அரை அங்குலம் இருந்தால் தையல்காரர் பிரித்துத் தளர்த்திவிடுவார். பொத்தான் இல்லாதது பெரிய குறையில்லை. ஜிப் கெட்டிருந்தால் பேரம் பேசுங்கள்.

பட்டுப் புடவை என்றால் மடிப்பைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்தக் கோட்டிலேயே விட்டுப்போகும். ஜரிகை நன்றாக இருந்தால் பெண் குழந்தைக்குப் பாவாடையாவது தைக்கலாம்.

குழந்தை உடைகளில்தான் லாபம் அதிகம். துணி நையுமுன் பிள்ளை வளர்ந்துவிடுகிறது. உள்ளாடைகள் மட்டும் வேண்டவே வேண்டாம். வாங்கிய பருத்தி உடைகளை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்திய பிறகே அலமாரியில் வையுங்கள். பட்டையும் கம்பளியையும் வெந்நீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.