ரசமட்டம் தப்புக் காட்டினால்

சுவரை நூலில் தொங்கும் தூக்குக்குண்டு நேர் என்கிறது, குமிழ் வைத்த ரசமட்டம் சாய்வு என்கிறதா? மட்டத்தைத்தான் சந்தேகப்படணும். முதலில் அடிப்பக்கத்தைச் சுரண்டித் துடைத்துவிடுவேன். 60 செ.மீ. மட்டத்தின் ஒரு முனையில் 1 மி.மீ. சிமெண்ட் பொருக்கு ஒட்டியிருந்தாலே 3 மீட்டர் சுவர் 5 மி.மீ. சாய்ந்துவிடும். பிறகு ஓர் இடத்தில் வைத்துக் குமிழைப் பார்த்து, அதே இடத்தில் தலைமாற்றி வைக்கணும். குமிழ் முன்பு நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கினால் கருவியில் கோளாறு. குமிழைச் சரிசெய்யும் திருகு இருந்தால் அந்த வித்தியாசத்தில் பாதியை மட்டும் திருத்தணும். மீதிப் பாதி தளத்தின் சாய்வு. திருகு இல்லாவிட்டால் புதுசு வாங்குவதே மேல்.

தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டமா? உள்ளே காற்று நின்றால் கணக்கு தப்பும். இரு முனையையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் சமமாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே மட்டம் குறிக்கணும்.