உள்வாங்கிய முன் பம்பர்: கொதிநீரே போதும்

மெதுவாகப் போய் முட்டியதில் முன் பம்பர் உள்வாங்கிவிட்டதா? பெயிண்ட் உரியவில்லை, பிளாஸ்டிக் கிழியவில்லை என்றால் வீட்டிலேயே நிமிர்த்தலாம். பம்பர்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். சூடு பட்டால் இளகிப் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும்.

முதலில் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டரிலோ அதன் முன்னுள்ள ஏசி கண்டென்சரிலோ ஒழுகல், பம்பருக்குப் பின்னுள்ள இரும்புச் சட்டத்தில் வளைவு, பானெட் சரியாகப் பூட்டாமை, ஏர்பேக் விளக்கு அணையாமை: இதில் ஒன்று இருந்தாலும் வண்டி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

இஞ்சின் ஆறியிருக்கட்டும். சக்கரத்தின் மேலுள்ள பிளாஸ்டிக் மறைப்பின் ஸ்க்ரூ, கிளிப்புகளைக் கழற்றினால் பம்பரின் பின்புறம் கை போகும். தடித்த ரப்பர் கையுறை அவசியம். 3 முதல் 4 லிட்டர் கொதிநீரைப் பள்ளத்தின் மீது சீராக ஊற்றுங்கள். ஃபாக் லேம்ப் கனெக்டரில் படக் கூடாது. ஊற்றி முடித்த கையோடு, பள்ளத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உள்ளிருந்து தள்ளுங்கள். நேரே நடுவில் குத்தித் தள்ளினால் கோடு விழும். நிமிர்ந்ததும் குளிர்ந்த நீர் ஊற்றினால் வடிவம் நிற்கும். ஒரே தடவையில் வராவிட்டால் 2, 3 முறை செய்யுங்கள். ஆறிய பிளாஸ்டிக்கை மட்டும் பலவந்தப்படுத்தாதீர்கள், பெயிண்ட் வெடிக்கும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னும் வேண்டாம், கொஞ்சம் அதிகமானால் பெயிண்ட் கொப்பளிக்கும்.

பள்ளம் போயும் ஃபெண்டர் (முன் சக்கரத்தின் மேலுள்ள பக்கத் தகடு) ஓரத்தில் இடைவெளி தெரிந்தால் கிளிப்போ பக்கப் பிராக்கெட்டோ உடைந்திருக்கும். அதை மட்டும் புதிதாக மாற்றினால் பம்பர் ஒட்டி உட்காரும்.